காற்றாலை மின்சாரம்: நன்மைகள், எதிர்காலம், நிலம் கொடுக்கும்முன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் காற்றாலைகள் பெரும்பாலும் விவசாய நிலங்களுக்கு நடுவில்தான் நிற்கின்றன. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைப் பண்ணைகளின் நிறுவுதிறன், இன்று மாநிலம் முழுவதும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பழைய சிறு காற்றாலைகளை அகற்றிப் பெரியவற்றை அமைக்கும் பணி வேகமெடுப்பதால், நிலம் கேட்டு வருவோரும் அதிகரிப்பார்கள். காற்றாலையும் பயிரும் ஒரே நிலத்தில் இருக்க முடியும். ஆனால், அது ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

காற்று எங்கே, எப்போது?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே வேகமெடுத்து வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, திருப்பூர் மாவட்டங்களுக்கும், கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத் தேனிக்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசி, திருநெல்வேலிக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் பகுதிக்கும் காற்று கிடைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை உற்பத்தி அதிகம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் நொடிக்கு 5 மீட்டரிலிருந்து 6 மீட்டராக உயர்ந்தாலே ஆற்றல் சுமார் 73 சதவீதம் கூடும். உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் கூடுவதால், புதிய காற்றாலைகளின் கோபுரங்கள் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டன.

நன்மைகள்

* எரிபொருள் செலவு இல்லை. 2 மெகாவாட் காற்றாலை ஆண்டுச் சராசரியாக 30 சதவீதத் திறனில் இயங்கினால், சுமார் 52 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும்.
* அனல்மின் நிலையம் போலக் குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை. கயத்தாறு, இராதாபுரம் போன்ற வறண்ட பகுதிகளுக்கு இது முக்கியம்.
* சாம்பல், புகை இல்லை.
* காற்றாலைகளுக்கு இடையே, இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போலப் பல மடங்கு இடைவெளி விடப்படுகிறது. அடித்தளம், மின்மாற்றி, கிரேன் நிற்கும் தளம், பாதை ஆகியவை போக மீதி நிலத்தில் உளுந்து, சோளம், கம்பு, பருத்தி பயிரிடலாம். ஆடு, மாடு மேய்க்கலாம்.

எதிர்காலம்

தொடக்க காலக் காற்றாலைகள் 55 முதல் 250 கிலோவாட் திறன் கொண்டவை. இன்று 2 முதல் 3 மெகாவாட் திறனுள்ளவை சாதாரணமாகிவிட்டன. காற்று மிகுந்த நல்ல இடங்களைப் பழைய சிறு இயந்திரங்களே பிடித்திருப்பதால், அவற்றை மாற்றியமைக்க தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. பல சிறு காற்றாலைகள் இருந்த இடத்தில் பெரியவை சில போதும். அதேசமயம் பெரிய இறக்கைகளைக் கொண்டுவர அகலமான பாதை வேண்டும். பாதைக்காகப் பக்கத்து நிலங்களையும் கேட்பார்கள்.

தரையிலிருந்து 150 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டின் காற்று வளம் சுமார் 95,000 மெகாவாட் என தேசியக் காற்றாற்றல் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தமிழகக் கடற்பகுதியில் 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு நிதியுதவி அளிக்க மத்திய அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் தந்தது.

காற்று வீசும்போது மட்டுமே மின்சாரம் கிடைக்கும் என்பது இதன் குறை. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். கோவை மாவட்டத்தில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை மின்நிலையம் இந்த முறையில் இயங்குவதுதான்.

நிலம் கொடுக்கும்முன் கவனிக்க வேண்டியவை

1. விற்பனையா, குத்தகையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இடைத்தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

2. நிலத்தின் நடுவில் துண்டாகக் கொடுத்தால், மீதி நிலத்துக்கு டிராக்டர் போக வழியின்றிப் போகலாம். கூடியவரை ஓரமாகக் கொடுங்கள். பாதையின் அகலத்தையும், அதை நீங்களும் பயன்படுத்தும் உரிமையையும் பத்திரத்தில் எழுதுங்கள். விற்றபின் உட்பிரிவு செய்து, மீதி நிலத்துக்குப் பட்டா பெறுங்கள்.

3. மின்கம்பி எந்த வழியாகச் செல்லும் என்பதை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. நிலத்தடிக் கேபிள் என்றால், உளிக்கலப்பை படாத ஆழத்தில் பதிக்க வேண்டும்.

4. பாதைக்காக மண் கொட்டி உயர்த்தும்போது ஓடையும், கண்மாய்க்கு நீர் வரும் கால்வாயும் அடைபடக்கூடாது. பாதைக்குக் குறுக்கே போதிய அளவில் குழாய்ப் பாலம் அமைப்பதை நிபந்தனையாக்குங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் காயும்.

5. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும். கிரேனும் லாரியும் ஓடி இறுகிய மண்ணை ஆழ உழுது கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என எழுதுங்கள். பயிர்ச்சேதத்துக்கான இழப்பீட்டை முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

6. குத்தகை முடிந்தபின் கோபுரத்தையும் கான்கிரீட் அடித்தளத்தையும் யார் அகற்றுவது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காற்றாலையின் ஆயுள் சுமார் 20 முதல் 25 ஆண்டுகள். அதன்பின் அந்த நிலத்தில் உழப்போவது உங்கள் பிள்ளைகள்.

ஒரே ஊரில் பலரிடம் நிலம் கேட்கப்படும்போது, தனித்தனியாகப் பேசாமல் சேர்ந்து பேசினால் நல்ல நிபந்தனைகள் கிடைக்கும். கையெழுத்திடும்முன் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடமும், நீர்வழிப் பாதையை வேளாண் பொறியியல் துறை அலுவலரிடமும் காட்டி ஆலோசனை பெறுவது நல்லது.