தேக்குத் தூண் சொல்லும் கணக்கு

ஆவூர் மாதா கோயிலைப் பார்த்துட்டு அப்படியே ஊர் திரும்பிடாதீங்க. புதுக்கோட்டை தாண்டித் தெற்கே, திருமயம் பக்கம் கடியாபட்டியில் ஒரு செட்டியார் வீடு ஓட்டலாகியிருக்கிறது: சிதம்பர விலாஸ். ஓர் இரவு தங்கிப் பாருங்க. முற்றத்துக் காற்றுக்கு மத்தியானமே கண் சொக்கும்.

அந்தத் தூண்களைத் தடவிப் பாருங்க, பர்மா தேக்கு. காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்கு பார்க்காமல் தூக்கம் வருமா? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25! ஆசைப்பட்டு வாங்கியதல்ல. நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மா விவசாயி அடகு வைத்த நிலத்தை இழந்தான். செட்டியாருக்கு வேண்டியதென்னவோ ரொக்கம்தான். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் போச்சு. சுதந்திர பர்மாவும் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. இங்கே, நொடித்த குடும்பங்கள் தூணையும் கதவையும் கழற்றி விற்றன. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அவை இன்னும் சாய்ந்து கிடக்கின்றன. கடியாபட்டி வீடு தப்பியது.