ஒரு சிப்பம் நெல்

2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தது. அந்தத் தண்ணீரை நம்பி காவிரி டெல்டாவில் ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை நெல் நட்டார்கள். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுத்த அந்த நெல்லில் 40 கிலோவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது போகும் வழியெல்லாம் பின்னாலேயே போவோம்.

ஏன் 40 கிலோ? வியாபாரி எடுத்தால் 60 கிலோ மூட்டை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் எடுத்தால் 40 கிலோ சிப்பம். மன்னார்குடிப் பக்கத்தில் ஒருவர் ஏக்கருக்கு இத்தனை மூட்டை கண்டது என்று சொன்னால், அது 60 கிலோ கணக்கு. நிலையத்து வாசலில் அதே மனிதர் 40-க்கு மாறிக்கொள்வார்.

நெல் உள்ளே விழும் முன்பே அந்தச் சாக்குக்கு ஒரு சட்டம் உண்டு. உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வங்காளத்துச் சணல் ஆலைகளையும் சணல் விவசாயிகளையும் காப்பாற்றுவது அதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் கொல்கத்தாவிலிருந்து சாக்கு வரத் தாமதமானால் ஒரத்தநாட்டில் எடைத்தராசு நின்றுவிடும். 'சாக்கு இல்லை, நாளைக்கு வாங்க' என்ற பதிலைக் கேட்காத விவசாயி டெல்டாவில் அபூர்வம்.

இந்த நெல் வளர்ந்த வயலிலும் தில்லியின் கை இருந்தது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒரு முறை வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டார்கள். விலையை ஏற்றினால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம். ஆக, மலிவானது யூரியா, எட்டாதது பொட்டாஷ். விவசாயி எதை அள்ளிப் போடுவார்? பயிர் கரும்பச்சையாக நிற்கும், பூச்சி வரும், மருந்துச் செலவு ஏறும். மண்ணைக் கெடுக்கிறார்கள் என்று கருத்தரங்குகளில் விவசாயியைக் குறை சொல்வார்கள். விலைப்பட்டியலை எழுதியது அவரல்ல.

இனி விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். தமிழக அரசு தன் பங்காக 131 ரூபாயும் 156 ரூபாயும் சேர்த்து 2,500, 2,545 என்று ஆக்கியது. நம் சிப்பம் சன்ன ரகம் என்று வைத்துக்கொண்டால் 1,018 ரூபாய்.

2,369 எங்கிருந்து வந்தது? வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் நெல்லுக்கு எடுத்துக்கொண்ட செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். அதன் ஒன்றரை மடங்கு. இந்தச் செலவில் கையிலிருந்து போன காசும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் உண்டு. சொந்த நிலத்துக்கான வாடகையும் போட்ட முதலுக்கான வட்டியும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் கேட்டது முழுச் செலவின் மேல் ஐம்பது சதவீதம் என்றுதான் விவசாய சங்கங்கள் இன்றுவரை மல்லுக்கு நிற்கின்றன. தவிர, 1,579 என்பது அகில இந்திய சராசரி. கூலியும் இயந்திர வாடகையும் கூடுதலாக உள்ள டெல்டாவுக்குப் பஞ்சாபின் செலவையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண் அது.

இருந்தாலும் இந்தச் சிப்பம் கொடுத்து வைத்தது. ஆதரவு விலையில் அரசு அமைப்புகளுக்கு விற்க முடிந்த விவசாயிகள் நாட்டில் 6 சதவீதம்தான் என்று மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015-இல் சொன்னது. பீகாரில் நெல் விளைவிக்கும் பலருக்கு ஆதரவு விலை என்பது வெறும் செய்தி. டெல்டாவில் அது ஊர் முனையில் ஒரு கொட்டகையாக நிற்கிறது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தன் முதல் அலுவலகத்தைத் திறந்ததே தஞ்சாவூரில்தான். 2002 அக்டோபர் முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல்லை வாங்குகிறது. காசு, தரம், கணக்கு மூன்றுக்கும் தில்லியே எஜமான்.

கொட்டகை வாசலில்தான் சிப்பத்தின் தலையெழுத்து எழுதப்படுகிறது. பட்டியல் எழுத்தர் கையில் ஒரு சிறிய கருவி. ஒரு பிடி நெல்லைப் போட்டால் எண் காட்டும். 17-க்குள் இருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கக் கூடாது என்பது மத்திய அரசின் தர விதி.

அந்த எண் தவறில்லை. ஈர நெல்லை அடுக்கினால் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுத்துப்போகும். தவறு நாட்காட்டியில் இருக்கிறது. தேசியக் கொள்முதல் ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் தென்மேற்குப் பருவமழை விடைபெற்று வானம் வெளுக்கும் நேரம் அது. டெல்டாவில் அதே மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கட்டிக்கொண்டு வருகிறது. 2022 முதல் தமிழகத்துக்குச் செப்டம்பர் 1-லேயே தொடங்க அனுமதி கிடைத்தது. அது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் குறுவையில் பெரும்பகுதி அக்டோபரில்தானே அறுவடைக்கு வருகிறது.

2025 அக்டோபரில் அதுதான் நடந்தது. மழை பிடித்துக்கொண்டது. நிலையங்களின் முன்னால் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. தார்ச்சாலையில் காயப்போட்டார்கள், தூறல் விழுந்ததும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், வெயில் எட்டிப்பார்த்ததும் திறந்து கிளறினார்கள். மூடிய நெல் புழுங்கி முளைவிட்டது. எடை போட்டுத் தைத்த சிப்பங்களும் லாரி வராமல் வெளியே நனைந்தன. ஒவ்வொரு நாள் காத்திருப்புக்கும் செலவு உண்டு. தார்ப்பாய் வாடகை, கிளற ஆள், இரவுக் காவல். இந்தச் செலவு எந்த ஆணையத்தின் கணக்கிலும் ஏறாது.

மழை பெய்தால் வரம்பைத் தளர்த்தலாம். ஆனால் அதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. முதலமைச்சர் கடிதம் எழுத வேண்டும். தில்லியிலிருந்து குழு வர வேண்டும். நிலையம் நிலையமாகப் போய் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகம் பார்க்க வேண்டும். அப்புறம் ஆணை. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழை சம்பாவைச் சாய்த்தபோது 20 வரை. 2025-இல் தமிழகம் கேட்டது 22. ஆண்டுதோறும் வரும் மழை, ஆண்டுதோறும் புதிய விபத்துபோல விசாரிக்கப்படுகிறது. ஆணை வருவதற்குள் கையில் காசு இல்லாதவர் வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்.

ஒரு சின்னக் கணக்கு. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் நெல்லைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் 40 கிலோ கிடைக்க ஏறக்குறைய 42 கிலோ 500 கிராம் வேண்டும். அந்த இரண்டரைக் கிலோ தண்ணீர்தான் பிரச்சினை. அதை வெளியேற்றும் வேலையை அரசு விவசாயியின் தலையில் வைத்திருக்கிறது. மழைக்காலத்தில், வெயிலை நம்பி.

தில்லி மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்கள், இணையப் பதிவு எல்லாம் சரியாக இருந்தால்தான் சிப்பம் உள்ளே போகும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரிடம் ஏது சிட்டா? அவர் நெல் வேறொருவர் பெயரில் போகும், பணமும் அந்த வங்கிக் கணக்குக்கே போகும், பிறகு கை மாறும். மூட்டைக்கு இவ்வளவு என்று நிலையத்தில் பிடிக்கிறார்கள் என்ற புகாரும் பழையது. 40 ரூபாய்க்குக் குறையாது என்பார்கள். முந்தைய ஆண்டைவிட 2025-இல் மத்திய அரசு உயர்த்திக் கொடுத்தது குவிண்டாலுக்கு 69 ரூபாய். ஒரு சிப்பத்துக்கு 27 ரூபாய் 60 காசு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுமைதூக்குபவர்களின் கூலியை அரசு ஒழுங்காகக் கொடுத்தால் இதில் பாதி தீரும் என்பது என் எண்ணம். ஆண்டுக்குச் சில மாதம் மட்டும் வேலை, மூட்டைக் கணக்கில் கூலி என்றால் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்?

ஒருவழியாகச் சிப்பம் லாரி ஏறிவிட்டது. திறந்தவெளிக் கிடங்கு, அங்கிருந்து ரயில் நிலையம். 42 வேகன்கள், 2,000 டன் என்று தஞ்சாவூர், நீடாமங்கலம் செய்திகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். நம் சிப்பத்தைப்போல 50,000 சிப்பங்கள் ஒரே வண்டியில், அரவைக்காக வெளிமாவட்டங்களுக்கு.

அந்த ஆண்டு அரவையிலும் ஒரு முடிச்சு விழுந்தது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தபடி, ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய அரிசியைக் கலக்க வேண்டியிருந்தது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் வார்த்த மணிகள் அவை. தண்ணீரில் மிதப்பதால் நம் வீடுகளில் அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். பிளாஸ்டிக் இல்லை. கலப்புக்கான மத்திய அனுமதி தாமதமானது, அதனால் ஆலைகள் அரைக்க முடியவில்லை, கிடங்கு காலியாகவில்லை, நிலையத்தில் நெல் தேங்கியது என்று மாநில அரசு 2025-இல் விளக்கம் சொன்னது. முன்னேற்பாடு போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். இரண்டும் சேர்ந்த உண்மைதான் நனைந்தது.

ஆலையில் நெல்லை அவித்து, உலர்த்தி, அரைத்தால் புழுங்கல் அரிசிக்கு 68 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 40 கிலோ நெல் 27 கிலோ 200 கிராம் அரிசியாகிறது. அது நியாயவிலைக் கடைக்கு வருகிறது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவோருக்கு மத்திய அரசு இலவசமாக்கியது 2023 ஜனவரியில். அந்தச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் மக்களோடு கோடு போட்டு நிறுத்திக்கொள்கிறது. தமிழகம் கோடு போடவில்லை, அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் தருகிறது, அதற்கான கூடுதல் செலவைத் தானே சுமக்கிறது. இலவச அரிசி சோம்பேறியாக்குகிறது என்று பேசுபவர்கள், நட்டதும் களை பறித்ததும் அந்த வரிசையில் நிற்கும் பெண்கள்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

எல்லாச் சிப்பங்களுக்கும் இந்த முடிவு வாய்ப்பதில்லை. மத்தியத் தொகுப்பில் அரிசி தேவைக்கு மேல் குவிந்தது. 2025 ஜனவரியில் எத்தனால் ஆலைகளுக்கு உணவுக் கழகம் தரும் அரிசியின் விலையைக் கிலோ 28 ரூபாயிலிருந்து 22 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அந்தப் பருவத்தில் நெல்லின் ஆதரவு விலையே கிலோ 23 ரூபாய். கொள்முதல், சாக்கு, ரயில், அரவை, கிடங்கு எல்லாம் சேர்த்து அரசுக்கு அரிசி அடங்குவதோ கிலோவுக்கு ஏறக்குறைய 40 ரூபாய். நெல்லைவிட அரிசி மலிவு என்ற அதிசயத்தைப் பெட்ரோலில் கலக்கும் சாராயத்துக்காகச் செய்திருக்கிறோம்.

இதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 2023 ஜூலை 20 அன்று, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு ஒரே இரவில் தடை. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. தடை 2024 செப்டம்பர் 28 வரை நீடித்தது. உள்ளூர் விலையை அடக்கத்தான். வெளிச்சந்தை விலை ஏறி, வியாபாரி கூடுதலாகக் கொடுத்திருக்கக்கூடிய நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. அடக்கிய விலையின் பலன் கடையில் வாங்குபவருக்காவது முழுதாகக் கிடைத்ததா என்றால், அவருக்கு 2022 ஜூலை 18 முதல் வேறொரு சோதனை. 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. வியாபாரிகள் 26 கிலோ பை போட்டுத் தப்பித்தார்கள். மொத்தமாக 26 கிலோ வாங்கக் காசிருப்பவர் வரி கட்டவில்லை, 5 கிலோ பை வாங்குபவர் கட்டினார்.

நம் சிப்பத்தின் விலை ஜெனீவாவிலும் பேசப்படுகிறது. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு அதன் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதைக் கணக்கிட 1986-88 காலத்து விலையை இன்னும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 2018-19-க்கான அரிசிக் கணக்கில் இந்தியா அந்த வரம்பைத் தாண்டியது. 2013 பாலி மாநாட்டில் பெற்ற சமாதான உடன்பாட்டைக் காட்டித் தப்பித்தது. இந்த விஷயத்தில் மத்திய அரசு ஜெனீவாவில் உறுதியாக நின்றிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பழைய கணக்கு நியாயமில்லை என்று வாதாடுபவர்கள், இங்கே பஞ்சாப் வானத்துக்கு எழுதிய 17-ஐ டெல்டாவுக்குத் திருத்த யோசிக்கிறார்கள்.

விலையை உயர்த்துங்கள் என்ற கோரிக்கை நியாயமானது, அது தொடரட்டும். ஆனால் நடக்கக்கூடிய சிலவற்றை டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விவசாய சங்கங்களும் முதலில் கேட்க வேண்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை டெல்டாவுக்கு 20 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஈரப்பத வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு பிடித்தம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிய பட்டியல். கொள்முதல் நிலையங்களில் கூரையுள்ள களமும் உலர்த்தும் இயந்திரமும். குத்தகைதாரர் தன் பெயரிலேயே விற்க வழி. முதலிரண்டையும் தில்லி ஓர் ஆணையில் முடித்துவிடலாம். மற்ற இரண்டையும் சென்னை செய்ய வேண்டும். அடுத்த குறுவை அறுவடைக்குள் கேளுங்கள்.