அணிலின் முதுகில் யார் விரல்?

அணிலைப் பிடிக்காது என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. எலிக்கு விஷம் வைக்கிற அதே கை அணிலுக்கு அரிசி இறைக்கிறது. இரண்டுமே கொறித்துத் தின்கிற பிராணிகள்தாம். பிறகு ஏன் இந்தப் பாகுபாடு? கேட்டால், 'ராமர் தடவிக் கொடுத்த பிராணி சார் அது' என்று பதில் வரும். பாலம் கட்ட மணல் சுமந்துச்சாம், அவரு மூணு விரலால முதுகைத் தடவினாராம், கோடு விழுந்துச்சாம். ஆக, நம் அன்புக்குப் பின்னால் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறது. இந்தச் சான்றிதழ் எப்படித் தயாரானது என்பதே இங்கு என் கேள்வி.

பழைய பிரதிகளில் கோடு உண்டு, விரல் இல்லை. தொல்காப்பிய மரபியல் அணிலை மூன்று வரி கொண்டதாகவே சொல்கிறது. அதை எலியோடும் கீரியோடும் காட்டுப் பூனையோடும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவற்றின் இளமைப் பெயர் 'குட்டி' என்கிறது. எலிக்கும் அணிலுக்கும் இடையே உயர்வு தாழ்வு எதுவும் அங்கே இல்லை. புறநானூறு 246இல், கணவன் பூதப்பாண்டியனை இழந்து தீப்பாயப் போகும் பெருங்கோப்பெண்டு, கைம்மை உணவை மறுத்துப் பேசுகையில் வளைந்த காய் ஒன்றைச் சொல்கிறாள். அந்த வெள்ளரிக்காயின் வரிக்கு உவமை அணிலின் வரி. அவ்வளவுதான். வரி என்பது வரி. அது யாரும் போட்ட முத்திரை அல்ல.

குறுந்தொகை 41 இன்னும் முக்கியமானது. தலைவன் உடனிருந்தால் திருவிழா ஊரைப்போல மகிழும் பெண், அவன் பிரிந்தால் ஆட்கள் விட்டுப்போன பாலைநிலத்து வீட்டைப்போல ஆகிவிடுகிறாள். அந்த வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. பாடியவரின் சொந்தப் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியே 'அணிலாடு முன்றிலார்' என்று பெயராக நின்றுவிட்டது. இந்த அணில் யாருக்கும் எந்த உதவியும் செய்யவில்லை. மனுசங்க இருந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. பயன் கருதாமல் பார்க்கப்பட்ட ஓர் உயிர் என்று இதைத்தான் சொல்வேன்.

பக்திச் சொல்லாடலுக்குள் நுழைந்ததும் அணிலுக்கு வேலை வந்துவிடுகிறது. வால்மீகியில் இல்லாத அணில், தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் வருகிறது. குரங்குகள் மலையைத் தள்ளும்போது, அது நீரில் குளித்து மணலில் புரண்டு கடலைத் தூர்க்க ஓடுகிறது. கள்ளமற்ற அந்த அணிலைப்போலக்கூடத் தான் இல்லையே என்று ஆழ்வார் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார். இந்த இடத்தில் அணில் தொண்டனாகிவிட்டது. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் முதுகைத் தடவும் விரல் கிடையாது. அது வாய்மொழிக் கதையில்தான் வருகிறது.

அந்த விரல் என்ன செய்கிறது? சிறியவன் சிறிய வேலை செய்ய வேண்டும், கூலி கேட்கக்கூடாது, தடவிக் கொடுப்பதே கூலி, அந்த அடையாளம் பரம்பரை பரம்பரையாக உடம்பில் தங்கும். இது அணில் கதை மட்டுமா? நம் இயக்கங்களையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்கப் போஸ்டர் ஒட்டுன தோழருக்கு மேடையில் கிடைப்பது 'அணில்போல் உழைத்தார்' என்ற ஒரு வரிதான். பாலத்துக்கு யார் பெயர் என்பது வேறு விஷயம்! போகட்டும், வடக்கே போனால் ஐந்து கோடு அணில் இருக்கிறது. அங்க மட்டும் அஞ்சு விரலாலயும் தடவினாரா?

கோடே இல்லாத அணிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிற மலையணில் மர உச்சியில் கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவிப் போகும். தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைத் தொடர் அறுந்தால் அதன் பாதையும் அறுந்துவிடும். 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலையில் இதன் பெயராலேயே ஒரு சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. காடு காக்கப்படுவதில் எனக்கு மறுப்பில்லை. புலிக்கு வேண்டிய காடு அணிலுக்கும் வேண்டியதுதான். ஆனால் காப்பகத்தின் பெயரில் இப்போது அணில் இல்லை. காட்டைக் காப்பாற்றவும் ஒரு பெரிய உடம்பு தேவைப்படுகிறது. அந்த மலையில் வாழும் பளியர்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமையையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். காட்டில் ஓர் உயிரைக் காப்பதற்கு இன்னொருவரை வெளியேற்றத்தான் வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதே 2021இன் ஜூன் மாதத்தில், மின்கம்பியில் அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று தமிழக மின்துறை அமைச்சர் சொன்னார். ஊரே சிரித்தது. அணிலால் மின்சாரம் நிற்பது உலகின் பல ஊர்களில் நடப்பதுதான். அவர் சொன்னதில் அதிசயம் இல்லை. அணில் ஏன் கம்பிக்கு வந்தது என்று கேட்டவர்கள்தான் குறைவு. கிளை இருந்த இடத்துல கம்பி இருந்தா அது கம்பியிலதானே ஓடும்?

'சரி, என்னதான் செய்யச் சொல்றீங்க?' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் தென்னை வெட்டும்போதெல்லாம் குட்டிகள் விழும். கண் திறக்காத குட்டியைத் துணியில் பொதிந்து, சூடு குறையாமல் அட்டைப்பெட்டியில் வைத்து, விழுந்த இடத்தருகே உயரமாக வைப்போம். பூனையும் காகமும் நெருங்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். தாய் வராத குட்டிக்குப் பசும்பால் கொடுக்கக்கூடாது. வயிற்றுப்போக்கு வந்து செத்துவிடும். கால்நடை மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும். வளர்ந்த பின் பிஸ்கட் போட்டுக் கூண்டில் வைப்பது அன்பு ஆகாது. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குக் கொட்டையும் பட்டையும் கொறிக்கக் கிடைக்க வேண்டும். கூண்டைத் திறந்து வைத்த பிறகும் தோளில் வந்து உட்கார்ந்தால் அது அதன் விருப்பம். வராமல் போனாலும் நன்றி கெட்டது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

உதவி செய்ததற்காக நேசிப்பது கடன் கணக்கு. நமக்கு எதுவும் செய்யாத உயிருக்கும் இடம் விடுவதைத்தான் நான் அறம் என்பேன். அடுத்த முறை தெருவில் மரம் வெட்ட ஆள் வரும்போது, 'மேல கூடு இருக்கான்னு பாத்தீங்களா?' என்று கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.