டிஜிட்டல் கையொப்பத்தின் அளவுருக்கள்: மறைக்க வேண்டியதில்லை, ஆனால் விசாரிக்க வேண்டும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துமாறும் சூரதுல் பகராவின் 282ஆம் வசனம் எமக்குப் பணிக்கிறது. இன்று அந்த எழுத்தும் சாட்சியமும் பெரும்பாலும் கணினிக்குள் சென்றுவிட்டன. எமது நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியுள்ளது. ஆகவே அந்தக் கையொப்பத்தை உருவாக்கும் மென்பொருளை எழுதுபவரின் கையில் இருப்பது ஓர் அமானிதம்.

அண்மையில் ஒரு மாணவர் தனது இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை என்னிடம் காட்டினார். கையொப்பமிடுதலும் சரிபார்த்தலும் பிழையின்றி நடந்தன. நிரலில் இருந்த மூன்று பெரிய எண்களைக் காட்டி, "இவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "இணையத்தில் கிடந்த ஒரு மாதிரி நிரலில் இருந்து, சேர். அவை இரகசியமானவை இல்லைதானே?" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விளக்கவே இதனை எழுதுகிறேன்.

அவர் பயன்படுத்தியது டிஎஸ்ஏ எனும் முறை. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவகம் இதனை 1991இல் முன்மொழிந்தது. 1994இல் அது அந்நாட்டு அரச நியமமாகியது. இதன் அடித்தளம் பி, கியூ, ஜீ எனும் மூன்று எண்கள். இவற்றையே அளவுருக்கள் என்கிறோம். பி என்பது மிகப் பெரிய முதன்மை எண். கியூ அதைவிடச் சிறிய முதன்மை எண். பியில் இருந்து ஒன்றைக் கழித்தால் வருவதைக் கியூ மீதியின்றி வகுக்க வேண்டும். ஆரம்பத்தில் பிக்கு 1024 பிட், கியூவுக்கு 160 பிட் போதுமாக இருந்தது. 2009இல் வந்த திருத்தம் 2048 பிட்டுடன் 224 அல்லது 256, 3072 பிட்டுடன் 256 என்ற அளவுகளைச் சேர்த்தது.

ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தில் அளவுரு உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால், திரையில் புள்ளிகளும் கூட்டல் குறிகளும் ஓடும். அப்போது நடப்பது இதுதான். முதலில் 'விதை' எனப்படும் ஓர் எழுமாற்று எண் எடுக்கப்படும். அதனை ஹாஷ் செய்து கியூ பெறப்பட்டு, அது முதன்மை எண்தானா என்று சோதிக்கப்படும். பின்னர் அதே விதையில் இருந்து பிக்கான எண்கள் ஒவ்வொன்றாகப் பெறப்பட்டுச் சோதிக்கப்படும். எத்தனையாவது முயற்சியில் பி கிடைத்தது என்பதும் கணக்கில் இருக்கும். இறுதியில் பி, கியூ இரண்டையும் கொண்டு ஜீ கணிக்கப்படும்.

மூன்று எண்களையும் உலகமே பார்க்கலாம். பலர் ஒரே அளவுருக்களைப் பகிர்ந்துகொள்வதிலும் தவறில்லை. கடைத் தராசை யாரும் ஒளித்து வைப்பதில்லை. அது முத்திரையிடப்பட்டதா என்றுதான் பார்க்கிறோம். இங்கே விதையும் முயற்சி எண்ணிக்கையுமே அந்த முத்திரை. அவை இருந்தால் எவரும் அதே கணக்கை மீண்டும் செய்து, அதே பி கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

இது வெறும் சந்தேகம் அல்ல. 2016இல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் உள்ளே பொறி வைத்த 1024 பிட் முதன்மை எண்ணொன்றை உருவாக்கினர். வெளிப்பார்வைக்கு அது சாதாரண எண் போலவே இருந்தது. பொறியை அறிந்திருந்த அவர்களுக்கோ, அதன் பாதுகாப்பை உடைக்கச் சுமார் இரண்டு மாதக் கணிப்பே போதுமாக இருந்தது. ஆகவே விதை தெரியாத எண்ணைப் பிரதி செய்பவர், முன்பின் தெரியாத ஒருவரின் நேர்மையின் மீது தனது பாவனையாளர்களின் கையொப்பங்களை வைக்கிறார். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் வழமையான அளவுருக் கோப்பில் பி, கியூ, ஜீ மட்டுமே இருக்கும் என்பதால், விதையைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

அளவுருக்கள் நேர்மையானவையாக இருந்தாலும் எழுமாற்று எண்கள் பலவீனமானால் அனைத்தும் வீணாகும். டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2006இல் செய்யப்பட்ட ஒரு மாற்றம், எழுமாற்று எண்ணை ஏறத்தாழ முழுமையாகச் செயன்முறை இலக்கத்தில் தங்கவைத்தது. அந்த இலக்கங்களோ 32,768 மட்டுமே. 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. நல்ல டிஎஸ்ஏ சாவியாக இருந்தாலும், அந்தக் கணினிகளில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தால் அதனையும் கைவிட வேண்டியதாயிற்று. ஏனெனில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஓர் இரகசிய எண் தேவை. அதனை ஊகிக்க முடிந்தாலோ, அது இரு முறை பயன்பட்டாலோ தனிப்பட்ட சாவி வெளிப்பட்டுவிடும்.

புதிதாக மென்பொருள் எழுதுவோருக்கு டிஎஸ்ஏயை நான் பரிந்துரைப்பதில்லை. 2023 பெப்ரவரியில் வெளியான அமெரிக்க நியமம், புதிய கையொப்பங்களுக்கு டிஎஸ்ஏயை அனுமதிக்கவில்லை. பழைய கையொப்பங்களைச் சரிபார்க்க மாத்திரமே இடம் வைத்துள்ளது. ஓப்பன்எஸ்எஸ்எச் 2025இல் அதனை முற்றாக நீக்கிவிட்டது. ஈடி25519 போன்ற புதிய முறைகளில் அளவுருக்கள் பகிரங்கமாக விளக்கப்பட்டு நியமத்திலேயே நிலையாக உள்ளன. ஒவ்வொருவரும் உருவாக்கத் தேவையில்லை.

அந்த மாணவருக்கும் இதனையே சொன்னேன். பழைய முறையைத்தான் செய்துகாட்ட வேண்டுமென்றால், நூலகத்தைக் கொண்டு 2048 பிட்டில் நீங்களே உருவாக்குங்கள். விதையைப் பதிவு செய்யுங்கள். அறிக்கையில் அதனை எழுதுங்கள். பரீட்சகர் கேட்காவிட்டாலும், உங்கள் மென்பொருளை நம்பிக் கையொப்பமிடுபவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.