நேரிய சார்பும் சாய்வும்

கணிதத்தில் சாய்வு என்பது, ஒரு நேர்கோடு கிடைத்திசையில் ஓர் அலகு நகரும்போது நிலைக்குத்துத் திசையில் எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதைக் குறிக்கும் எண் ஆகும். சாய்வு எங்கும் மாறாதிருக்கும் சார்பு, அதாவது வரைபடம் நேர்கோடாக அமையும் சார்பு, நேரிய சார்பு எனப்படும். 2019-இல் வெளியான தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் நேரிய சார்பு "உறவுகளும் சார்புகளும்" என்னும் இயலிலும், சாய்வு "ஆயத்தொலை வடிவியல்" என்னும் இயலிலும் தனித்தனியே இடம்பெற்றன. இவை ஒரே கருத்தின் இரு முகங்கள் என்பது மாணவருக்குப் புலப்படாமல் போவதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம் எனலாம்.

வரையறை

ஒரு கோட்டின் மீதுள்ள ஏதேனும் இரு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஒய் ஆயங்களின் வேறுபாட்டை எக்ஸ் ஆயங்களின் வேறுபாட்டால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். எடுத்துக்காட்டாக (2, 5), (6, 13) ஆகிய புள்ளிகளுக்கு ஒய் வேறுபாடு 8, எக்ஸ் வேறுபாடு 4, எனவே சாய்வு 2. எப்புள்ளியை முதலாவதாகக் கொண்டாலும் விடை மாறாது. ஆனால் மேலே ஒரு வரிசையிலும் கீழே எதிர்வரிசையிலும் கழித்தால் குறி மாறிவிடும். விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை இதுவே.

பாடநூல்களில் ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதப்படும் சமன்பாட்டில் எம் என்பது சாய்வு, சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், அதாவது வெட்டுத்துண்டு. மேற்கண்ட கோட்டிற்கு வெட்டுத்துண்டு 1 ஆகும்.

ஆட்டோ கட்டணம்: ஓர் எடுத்துக்காட்டு

2013-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (மீட்டர் உண்மையில் போடப்பட்டதா என்பது கணிதத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட வினா.) வானகரத்திலிருந்து கோயம்பேடு நோக்கி ஒருவர் 6 கிலோமீட்டர் பயணம் செய்தார் எனக் கொள்வோம். இதைச் சமன்பாடாக்கச் சொன்னால், கட்டணம் = 12 × தொலைவு + 25 என்று எழுதிவிடத் தோன்றும். அதன்படி 97 ரூபாய் வரும். இது தவறு.

25 ரூபாய் என்பது தொலைவு சுழியாக இருக்கும்போது உள்ள மதிப்பன்று, தொலைவு 1.8 ஆக இருக்கும்போது உள்ள மதிப்பு. எனவே கோடு (1.8, 25) என்னும் புள்ளி வழியே செல்கிறது. சாய்வு 12 ஆதலால், வெட்டுத்துண்டு 25 − 21.60 = 3.40. சரியான சமன்பாடு, கட்டணம் = 12 × தொலைவு + 3.40. 6 கிலோமீட்டருக்கு 75 ரூபாய் 40 காசு. தவறான சமன்பாடு எத்தொலைவுக்கும் 21.60 ரூபாய் கூடுதலாகவே காட்டும். ஏனெனில் சாய்வு சரி, வெட்டுத்துண்டு மட்டுமே பிழை. இரு கோடுகளும் இணைகோடுகள்.

இச்சமன்பாடு 1.8 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்திற்குப் பொருந்தாது. அப்பகுதியில் கட்டணம் மாறாமல் 25 ஆகவே இருப்பதால் சாய்வு சுழி. ஆகவே முழுக் கட்டணமும் ஒரே நேரிய சார்பு அன்று, இரு துண்டுகளால் ஆனது.

சுழிச் சாய்வும் வரையறுக்கப்படாத சாய்வும்

இவை இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். கொத்தனாரின் கருவிகளைக் கொண்டு இதை எளிதில் நினைவில் வைக்கலாம். ரசமட்டம் சரியாகக் காட்டும் கோட்டின் சாய்வு சுழி. அங்கு ஏற்றமே இல்லை. தூக்குக்குண்டின் நூல் காட்டும் கோட்டிற்குக் கிடை நகர்வு சுழி. சுழியால் வகுக்க இயலாது என்பதால் அதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

கோட்டின் கோணமும் சாய்வும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 45 பாகைக் கோட்டின் சாய்வு 1. சாய்வு 2 ஆனால் கோணம் 90 ஆகாது, ஏறத்தாழ 63.4 பாகை மட்டுமே ஆகும். மேட்டுப்பாளையம்–உதகை மலை இருப்புப் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியின் மிகச் செங்குத்தான ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. கோணமாகச் சொன்னால் அது 5 பாகைக்கும் குறைவு. ஆயினும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காதிருக்க அங்கே பற்சட்டம் தேவைப்படுகிறது.

தொழில்களில் சாய்வு

வீட்டின் மொட்டைமாடியில் மழைநீர் வடிய விடப்படும் சரிவைக் கட்டடத் தொழிலாளர் "வாட்டம்" என்பர். 10 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விட்டால் சாய்வு 1/10 அன்று. அடியை அங்குலமாக்கிய பின் 1/120. இரு அளவுகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்ற விதி இங்கு தெளிவாகிறது. ஆட்டோ கட்டணத்தில் அலகுகள் வேறுவேறு; அதனால் அங்கே சாய்வு வெறும் எண்ணாக இல்லாமல் "கிலோமீட்டருக்கு ரூபாய்" என்ற வீதமாக நிற்கிறது.

வானகரத்தை அடுத்த அம்பத்தூரில் 1964-இல் தொடங்கப்பட்ட தொழிற்பேட்டை, கடைசல் வேலை பரவலாக நடக்கும் இடம். அங்கே "டேப்பர்" எனப்படுவது உருளையின் விட்டம் நீளத்தோடு குறைந்துகொண்டே செல்லும் வீதம். டேப்பர் 10-க்கு 1 என்றால், பக்கவிளிம்பின் சாய்வு அதில் பாதி, அதாவது 20-க்கு 1. விட்டத்தின் குறைவு இருபுறமும் பகிரப்படுவதே காரணம்.

வீட்டுப்பாடத்தில் உதவி

இயற்கணிதம் படிக்காத பெற்றோர் இப்பாடத்தில் உதவ முடியாது என்று எண்ணுவதுண்டு. ஆனால் ஆட்டோ ஓட்டுபவரும் கொத்தனாரும் கடைசல்காரரும் நாள்தோறும் கையாள்வது இதே கருத்தைத்தான். சூத்திரத்தைத் திரும்பச் சொல்வதைவிட, "எது மாறும்போது எது மாறுகிறது, ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு கூடும்?" என்று கேட்பது பயனளிக்கும். விடை கிடைத்தபின், கணக்கில் தந்த இரு புள்ளிகளையும் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது எவர் துணையுமின்றிச் செய்யக்கூடிய சோதனை. ஒன்று மட்டும் பொருந்தினால் பெரும்பாலும் சாய்வில் பிழை. இரண்டும் ஒரே அளவு விலகினால் வெட்டுத்துண்டில் பிழை.

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் (1924–2005), அன்றாடப் பொருள்களைக் கொண்டு கணிதம் கற்பித்தமைக்காக அறியப்பட்டவர். 1965-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கமும் சென்னையைச் சார்ந்ததே. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, தனிப்பயிற்சிக்குச் செல்ல இயலாத மாணவருக்குப் பள்ளிப் பாடங்களை ஒளிபரப்பியது.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: 2013 கட்டணத்தின்படி இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை 50 விழுக்காடு கூடுதல். இரவுக் கட்டணத்தின் சாய்வும் வெட்டுத்துண்டும் யாவை? இரண்டும் ஒன்றரை மடங்காகும்: சாய்வு 18, வெட்டுத்துண்டு 5.10. 1.8 கிலோமீட்டர் என்ற எல்லை மட்டும் மாறாது.