பதுக்கல்

பதுக்கல் என்பது ஒரு பொருளைப் பிறர் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பதைக் குறிக்கும் தொழிற்பெயர். விலை ஏறட்டும் என்று உணவுப் பொருளை விற்காமல் அடைத்துவைக்கும் குற்றத்தையே இன்று இச்சொல் முதன்மையாகச் சுட்டுகிறது. இந்தியாவில் போர்க்காலப் பங்கீட்டோடும், மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியோடும் அவசரகாலத்தோடும் இதன் வரலாறு பிணைந்துள்ளது. மலாயாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் அந்த வரலாற்றில் அடங்கும்.

சொல்லமைப்பு

பதுங்கு என்பது தன்வினை. பதுக்கு அதன் பிறவினை. ஒதுங்கு – ஒதுக்கு, அடங்கு – அடக்கு என்பவை போன்ற இணை இது. தன்னை ஒளித்துக்கொள்பவர் பதுங்குகிறார். பொருளை ஒளிப்பவர் பதுக்குகிறார். மறைத்தல் செய்திக்கும் உணர்ச்சிக்கும் பொருந்தும். புதைத்தல் மண்ணுக்கு அடியில் வைப்பது. பதுக்கலிலோ அந்தப் பொருளைத் தேடி அலையும் இன்னொருவர் எப்போதும் உண்டு. வீட்டு நகையைப் பெட்டியில் பூட்டிவைப்பதை யாரும் பதுக்கல் என்பதில்லை. கடைக்காரர் சரக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டு மூட்டைகளைப் பின்கட்டில் அடுக்கியிருந்தால், அது பதுக்கல்.

பழைய வழக்கு

சங்க இலக்கியத்தில் பதுக்கை என்பது பாலை வழியில் இறந்தவர் உடலின்மேல் குவித்த கற்குவியல். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய புறநானூற்று 264ஆம் பாடலில், நடுகல் நடப்பெற்ற வீரனின் பதுக்கை வருகிறது. தொல்லியலாளர் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் ஒருவகையைக் கற்பதுக்கை என்று இன்றும் அழைக்கின்றனர். இறந்தவரை விலங்குகளிடமிருந்து காத்த குவியலைக் குறித்த இந்தச் சொல்லில் பழி ஏதுமில்லை.

இருப்பதை இல்லை என்று ஒளிப்பதற்குத் திருக்குறள் ஆளும் சொல் கரத்தல். இரவு என்னும் அதிகாரம், கேட்கத் தக்கவரிடம் கேட்டும் அவர் கரந்தால் பழி அவருக்கே, கேட்டவருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. இன்று பதுக்கல் சுமக்கும் குற்றப்பொருள் அன்று கரத்தலிடம் இருந்தது.

பங்கீட்டுக் காலம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் அளந்து கொடுக்கப்பட்டன. ரேஷன், கள்ளச்சந்தை ஆகிய சொற்களோடு பதுக்கலும் அன்றாடப் பேச்சுக்கு வந்தது. 1943 வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தானியம் அடியோடு இல்லாமல் போனதால் அந்தப் பஞ்சம் வரவில்லை, அதை வாங்கும் வலு ஏழைகளிடம் இல்லாமல் போனதே காரணம் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். விலையேற்றத்துக்குப் பதுக்கலும் பீதியில் வாங்கிக் குவித்ததும் துணைபோயின. பதுக்கலைக் கட்டுப்படுத்த இந்தியா 1955இல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தை இயற்றியது.

கேமரன் மலையில்

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இந்த மலைப்பகுதியில், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கொழுந்து பறிக்கத் தென்னிந்தியத் தமிழர்கள் வந்து லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். தோட்டத்தில் தேயிலை விளைந்தது. சோற்றுக்கு அரிசி கீழிருந்து வரவேண்டியிருந்தது. அன்று தாப்பாவிலிருந்து ஏறும் ஒரே சாலைதான் மலைக்கு வழி.

மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் இறக்குமதி செய்துவந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கிய பின் அந்த வரத்து சுருங்கியது, மரவள்ளிக்கிழங்கே சோறானது. சயாம் – பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது தோட்டத் தமிழர் பலர் காட்டிலும் புதரிலும் பதுங்கினர். அரிசி பதுக்கப்பட்ட அதே காலத்தில் மனிதர்களும் பதுங்கினார்கள்.

ஜப்பானியருக்குப் பின் மீண்டும் ஆண்ட பிரிட்டிஷ் அரசு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் அவசரகாலத்தை அறிவித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் ஆதரவாளர்களிடமிருந்து உணவைப் பெற்று, அதில் ஒரு பகுதியைக் காட்டுக்குள் புதைத்துவைத்தனர். பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸ் 1950இல் வகுத்த திட்டம் இந்த உணவு வரத்தை அறுக்க முனைந்தது. சுமார் 5 இலட்சம் பேர் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் வீடுகளும் ஓரிடத்தில் நெருக்கி அமைக்கப்பட்டன. கேமரன் மலை அடங்கிய பகாங் மாநிலம் இந்தக் கெடுபிடியின் முக்கியக் களங்களில் ஒன்று.

1951 முதல் உணவுத் தடை நடவடிக்கைகள் இறுகின. அரிசிக்கு அளவு வைத்தார்கள். டின்பாலை விற்கும்போதே கடையில் டின்னைத் துளையிட்டுக் கொடுத்தார்கள். துளை விழுந்தால் சீக்கிரம் குடித்துத் தீர்க்கவேண்டும், சேர்த்துவைக்க முடியாது. சில பகுதிகளில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் வேகவைத்துச் சோறாகவே வழங்கினார்கள். சோறு மறுநாள் தாங்காது. வேலைக்குப் போகிறவர் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகவும் தடை வந்தது. வேலி வாசலில் பாத்திரத்தையும் உடையையும் சோதித்த காவலருக்கு, பிள்ளைக்கென்று எடுத்துவைத்த கைப்பிடி அரிசியும் காட்டுக்குப் போகும் அரிசியும் ஒன்றாகவே தெரிந்தன. கிடங்கு முதலாளிக்கு உரிய குற்றச்சொல் கூலித் தொழிலாளியின் சோற்றுப் பொட்டலம் வரை நீண்டது இப்படித்தான். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது.

சட்டமும் இன்றைய வழக்கும்

மலேசியாவில் பதுக்கலைத் தடுக்கும் முதன்மைச் சட்டம், 1961ஆம் ஆண்டின் வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம். சீனி, சமையல் எண்ணெய் போன்ற கட்டுப்பாட்டுப் பொருள்களின் வாணிகத்துக்கு அது உரிமம் கேட்கிறது. மலாய் மொழியும் இங்கே தமிழோடு ஒத்துப்போகிறது: ஒளித்தலைக் குறிக்கும் சோரோக் என்ற சொல்லையே கடைச் சரக்கைப் பதுக்குவதற்கும் வழங்குகிறார்கள். ஒவ்வொரு தட்டுப்பாட்டின் போதும் மலேசியத் தமிழ் நாளேடுகளில் எண்ணெய்ப் பதுக்கல், சீனிப் பதுக்கல் என்னும் தலைப்புகள் வருகின்றன.

இதே வேரிலிருந்து இலங்கைத் தமிழர் வாழ்வில் நிலைத்த சொல் பதுங்குகுழி. உள்நாட்டுப் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்ப வீட்டு முற்றங்களில் வெட்டிய பள்ளத்தை அது குறித்தது.

மதிப்பீடு

அச்சத்தில் பதுங்குவதைத் தமிழ் குற்றமாகக் கருதவில்லை; அடுத்தவர் பசியில் இலாபம் பார்ப்பதையே பதுக்கல் என்று பழிக்கிறது. அவசரகாலக் கெடுபிடி இந்த எல்லைக்கோட்டை அழித்தது. கிடங்கு நிறைய மூட்டை வைத்திருப்பவரையும் ஒருவேளைச் சோற்றை எடுத்துவைத்தவரையும் ஒரே சொல்லால் அழைப்பது நியாயமாகாது. செய்தி எழுதுவோரும் வரலாறு எழுதுவோரும் பொருளின் அளவையும் வைத்திருப்பவரின் நோக்கத்தையும் பார்த்தே இச்சொல்லைக் கையாளவேண்டும்.