தமிழகச் செவிலியர் கல்வியும் ஆய்வுத்திறனும்: ஒரு வரலாற்று நோக்கு (1871–2021)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் செவிலியர் பணி, பயிற்சித் தொழில் என்ற நிலையிலிருந்து பட்டக் கல்வியாகவும் பின்னர் ஆய்வுத் துறையாகவும் வளர்ந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டங்கள் பெருகியதால் மட்டும் ஆய்வுத்திறன் உருவாகிவிடவில்லை என்பதும், வினா எழுப்பும் உரிமையே அதன் அடிப்படை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செவிலியர் கல்வி, ஆய்வுத்திறன், காசநோய், துணை மருத்துவத் துறைகள், காஞ்சிபுரம்.

முன்னுரை

நவீனச் செவிலியத்தின் முன்னோடியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் புள்ளியியல் அறிஞரும் ஆவார். இந்தியாவில் இருந்த படையினரின் சுகாதார நிலை குறித்து 1863-இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கையில் அவரது பங்கு பெரிது. பராமரிப்பும் கணக்கெடுப்பும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. எனினும், இந்தியாவுக்கு வந்த செவிலியர் பயிற்சியில் பராமரிப்பு மட்டுமே நிலைபெற்றது.

பயிற்சியிலிருந்து பட்டத்திற்கு

1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்து தொழிலுக்குச் சட்டத் தகுதி அளித்தது. 1946-இல் தில்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தோன்றியது. அடுத்த ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. இவை யாவும் கல்வியின் தரத்தை உயர்த்தின. ஆயினும் செவிலியர் தாமே ஆய்வு நடத்துவதற்கான அமைப்பை உருவாக்கவில்லை.

சென்னைக் காசநோய் ஆய்வு

1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. நோயாளியை விடுதி மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை அளிப்பதா, வீட்டிலேயே அளிப்பதா என்ற வினாவை அம்மையம் 193 நோயாளிகளைக் கொண்டு சோதித்தது. 1959-இல் வெளியான முடிவு, நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளும் ஓராண்டு மருந்துச் சிகிச்சையால் பயன்பெற முடியும் என்பதைக் காட்டிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கு இதனால் மாறியது.

வீட்டுச் சிகிச்சை பெற்றோர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டனரா என்பதே இவ்வாய்வின் உயிர்நாடி. முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் செல்லுதல், எஞ்சிய மருந்தைச் சரிபார்த்தல், சிறுநீர்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்தல் ஆகிய பணிகள் அதற்கு இன்றியமையாதன. சுகாதாரப் பார்வையாளரும் பொதுச் சுகாதாரச் செவிலியரும் இத்தகைய களப்பணியில் ஈடுபட்டனர். உலகறிந்த ஆய்வொன்றுக்கு அவர்கள் தரவு தந்தனர்; ஆனால் வினாவை வகுக்கும் இடம் அவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை.

ஆய்வு அமைப்புகளின் தோற்றம்

1986-இல் இந்தியச் செவிலியர் ஆய்வுச் சங்கம் தோன்றியது. 2005-இல் இந்தியச் செவிலியர் மன்றமும் பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் முனைவர் பட்ட ஆய்வுக்கான தேசியக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. இயன்முறை மருத்துவம் முதலிய துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது. சென்னையில் பயிற்சி தொடங்கி முனைவர் பட்டத்திற்கான தேசிய ஏற்பாடு அமைய 134 ஆண்டுகள் ஆயின.

எனினும் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடு நூலகத்தோடு நின்றுவிடுமாயின், நோயாளிக்கு அதனால் பயனில்லை. படுக்கையருகில் நிற்பவருக்கு ஆய்வுக்கான நேரம், புள்ளியியல் துணை, நெறிமுறைக் குழுவை அணுகும் வழி ஆகியன வேண்டும்.

உள்ளூர் வினாக்கள்

காஞ்சிபுரத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடையிலுள்ள ஐயம்பேட்டை ஒரு நெசவூர். குழித்தறியில் நெடுநேரம் குனிந்து அமர்ந்து, காலால் மிதித்து, நுண்ணிய இழையில் கண் பதித்துச் செய்யும் தொழில் நெசவு. முதுகு, முழங்கால், கண் ஆகியவற்றின் நலம் குறித்து இத்தகைய ஊரில் எழும் வினாக்களை முதலில் அறியக்கூடியவர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரும் இயன்முறை மருத்துவருமே. அவ்வினாக்களை அவர்களே ஆய்வாக வளர்க்கும் வாய்ப்பு அமையும்போதுதான் ஆய்வுத்திறன் வேர்கொள்ளும்.

முடிவுரை

செவிலியர் நெடுங்காலம் பிறர் ஆய்வுக்குத் தரவு சேர்ப்போராக இருந்தனர் என்பதைச் சென்னைக் காசநோய் ஆய்வு காட்டுகிறது. பட்டமும் சட்டமும் தகுதியைத் தந்துள்ளன. பணிநேரத்தில் ஆய்வுக்கென ஒரு பங்கை ஒதுக்கி, வினா வகுக்கும் பொறுப்பையும் அவர்களிடம் அளிப்பதே இவ்வரலாறு சுட்டும் அடுத்த படியாகும்.